பிழையை எண்ணியவர்கள்

1887 ஜூன் 16-ம் தேதி பிலடெல்ஃபியாவிலிருந்து கான்ஸாஸ் மாநிலத்துக்கு ஒரு தந்தி போயிற்று. கொடுத்தவர் ஃபிராங்க் பிரிம்ரோஸ் என்ற கம்பளி வியாபாரி. பெற இருந்தவர் அவருடைய ஏஜண்ட். வியாபாரிகளின் வழக்கப்படி தந்தி சங்கேத வார்த்தைகளில் இருந்தது. அதில் ஒரு வார்த்தை 'பே'. நான் வாங்கிவிட்டேன் என்று அதற்கு அவர்கள் அர்த்தம் வைத்துக்கொண்டிருந்தார்கள். கான்ஸாஸில் தந்தி கைக்கு வந்தபோது 'பே' 'பை' ஆகிவிட்டிருந்தது. இது சங்கேதமல்ல, தெருவில் எவனும் பேசுகிற ஆங்கிலம்: வாங்கு. ஏஜண்ட் வாங்கினார். பிரிம்ரோஸுக்கு 20,000 டாலருக்கு மேல் நஷ்டம்.

மார்ஸ் குறியீட்டில் 'ஏ' என்ற எழுத்துக்கு ஒரு புள்ளி, ஒரு கோடு. 'யூ' என்ற எழுத்துக்கு இரண்டு புள்ளி, ஒரு கோடு. ஆக நடந்தது இவ்வளவுதான்: வழியில் எங்கோ ஒரு புள்ளி கூடிவிட்டது.

வழக்கு 1894-ல் அமெரிக்க உச்சநீதிமன்றத்தில் முடிந்தது. வெஸ்டர்ன் யூனியன் கம்பெனி பிரிம்ரோஸுக்குத் தரவேண்டியது 1 டாலர் 15 சென்ட், அதாவது தந்திக்கூலி. தந்திப் படிவத்தின் பின்புறத்தில் கம்பெனி அச்சிட்டிருந்த நிபந்தனையை நீதிமன்றம் நியாயமானது என்று ஏற்றுக்கொண்டது. பிழை நேராமல் பார்க்க வேண்டுமென்றால் தந்தியைத் திருப்பி அனுப்பச் சொல்லி, சேர்ந்தது சரியா என்று ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பாதிக் கட்டணம் கூடுதல். அதைக் கட்டாதவனுக்குக் கம்பெனி கூலிக்கு மேல் பொறுப்பல்ல. இன்னொரு காரணமும் சொல்லப்பட்டது. தந்தி சங்கேதத்தில் இருந்ததால் அதில் எவ்வளவு பெரிய விவகாரம் அடங்கியிருக்கிறது என்று கம்பெனிக்குத் தெரிய வழியில்லை. கொண்டுபோகிறவனுக்கு அர்த்தம் தெரியாது, தெரியாததற்கு அவன் பொறுப்பல்ல.

இந்த வழக்கை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் அதன் விசித்திரம் அல்ல. அந்தப் படிவத்தில் பிழைக்கு ஒரு விலை இருக்கிறது. எத்தனை வார்த்தைக்கு ஒரு பிழை என்ற அளவு இல்லை. விலை முதலில் வந்தது, அளவு பிறகு வந்தது. அளவு வந்த பிறகும் விலை அதற்குள் எங்கோ ஒளிந்துகொண்டே இருந்தது என்பதைப் போகப்போகப் பார்க்கலாம். நம் சூழலில் விஞ்ஞானம் பற்றி எழுதுகிறவர்கள் அதை ஒன்று அதிசயமாகவோ, இல்லை ஆபத்தாகவோ பார்க்கிறார்கள். எண்ணுவது என்ற எளிய காரியத்துக்குள் என்னென்ன ஒப்பந்தங்கள், ஊகங்கள், கண்மூடல்கள் இருக்கின்றன என்று பார்ப்பதில் யாருக்கும் அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை. இலக்கியத்தில் 'மூலம்', 'பாடபேதம்' என்று பேசுகிறவர்களுக்காவது இதில் அக்கறை இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பிழையை நீளம்போல அளக்கலாம் என்று முதலில் காட்டியவர் ரிச்சர்ட் ஹாமிங். லாஸ் அலமோஸில் அணுகுண்டுக் கணக்குகளில் வேலை பார்த்துவிட்டு 1946-ல் பெல் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தவர். அங்கே ரிலேக்களால் ஆன ஒரு கணக்கு இயந்திரம் இருந்தது. அதன் எண்கள் ஒருவித சங்கேதத்தில் எழுதப்பட்டிருந்ததால், ஒரு ரிலே தவறினால் இயந்திரத்துக்குத் தெரிந்துவிடும். வாரநாட்களில் அது நின்று ஆளைக் கூப்பிடும். சனி ஞாயிறுகளில் ஆள் கிடையாது. அப்போது அது கையிலிருக்கும் கணக்கை அப்படியே போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ஹாமிங்குக்குக் கிடைத்தது சனி ஞாயிறுதான். 1947-ல் அடுத்தடுத்து இரண்டு வாரக்கடைசிகளில் அவருடைய கணக்குகள் இப்படிக் கைவிடப்பட்டன. பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஏன் தெரியக்கூடாது என்ற எரிச்சலிலிருந்து ஒரு சாஸ்திரம் பிறந்தது.

அவர் கண்டது இது. நான்கு பிட் செய்தியோடு மூன்று சோதனை பிட்களைச் சேர்த்து ஏழாக அனுப்பு. ஒவ்வொரு சோதனை பிட்டும் ஏழில் குறிப்பிட்ட நான்கு இடங்களில் ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையா என்று கேட்கிறது. மூன்று கேள்விகளுக்கு எட்டுவிதமாக விடை வரலாம். பிழை இல்லை என்பதற்கு ஒன்று, ஏழு இடங்களில் எங்கே பிழை என்பதற்கு ஏழு. மிச்சமே இல்லை. விடைகளை வரிசையாக எழுதினால் அதுவே பிழை உட்கார்ந்திருக்கும் இடத்தின் எண். இதைவிடச் சிக்கனமான ஒரு காரியத்தை நான் அறிந்ததில்லை. ஆனால் இதில் ஒரு பயங்கரமும் இருக்கிறது. ஏழில் இரண்டு பிட்கள் மாறியிருந்தால் இதே இயந்திரம் சற்றும் தயங்காமல் சரியாக இருந்த மூன்றாவது ஒரு பிட்டைத் 'திருத்தி' வைக்கும். இரண்டு பிழை மூன்றாகும். செல்லரித்த ஏட்டில் விட்டுப்போன எழுத்தைத் தன் புலமையால் நிரப்பிய பதிப்பாசிரியர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

உரிமைப்பதிவு காரணமாகத் தாமதமாகி, 1950 ஏப்ரலில்தான் ஹாமிங்கின் கட்டுரை வெளிவந்தது. அதில் தூரம் என்ற கருத்து இருக்கிறது. ஒரே நீளமுள்ள இரண்டு சொற்கள் எத்தனை இடங்களில் வேறுபடுகின்றனவோ அதுவே அவற்றுக்கிடையே தூரம். 'பே'க்கும் 'பை'க்கும் ஆங்கில எழுத்தில் தூரம் 1. சங்கேத அகராதி செய்தவர்கள் வார்த்தைகளைத் தள்ளித் தள்ளி வைத்திருந்தால் பிரிம்ரோஸ் தப்பித்திருக்கலாம். பிழை என்பது ஒழுக்கக்கேடு, கவனக்குறைவு, விதி என்றெல்லாம் இருந்தது போய், ஒரு வெளியில் ஒரு புள்ளி இன்னொரு புள்ளியை நோக்கி நகர்ந்துவிட்டது என்று ஆயிற்று.

ஹாமிங்கின் குறியீட்டை உலகுக்கு முதலில் சொன்னது அவருடைய கட்டுரையல்ல. அதே கூடத்தில் இருந்த க்ளாட் ஷானன் 1948-ல் தன் பெரிய கட்டுரையில் அதை உதாரணமாகக் காட்டிவிட்டார். ஷானனைப் பற்றி இங்கே விரிக்கவில்லை. ஒன்று மட்டும்: இரைச்சலுள்ள எந்த வழிக்கும் ஒரு கொள்ளளவு உண்டு, அதற்குக் குறைவான வேகத்தில் அனுப்பினால் பிழையை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம் என்று அவர் நிரூபித்தார். எப்படி என்று சொல்லவில்லை, முடியும் என்று சொன்னார். அதற்குப் பின்வந்த பத்தாண்டுகளில் பலரும் பாடுபட்டது அந்த 'எப்படி'க்காக. அவர்களில் பெரும்பாலோர் எடுத்துக்கொண்ட சித்திரம் ஒன்றுதான்: ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு நாணயம் சுண்டப்படுகிறது. இந்த பிட் கெட்டதற்கும் அடுத்த பிட் கெடுவதற்கும் சம்பந்தம் இல்லை. இப்படி வைத்துக்கொண்டால் ஒரே ஒரு எண் போதும், பிட் பிழை விகிதம். அனுப்பியதில் எத்தனை மாறி வந்தது என்ற வகுத்தல்.

எண் சுலபமாக இருந்தது. உலகம் அப்படி இருக்கவில்லை.

1950-களின் இறுதியில் டெலிபோன் கம்பிகளில் பேச்சுக்குப் பதில் எண்களை அனுப்பத் தொடங்கியபோது பெல் ஆட்கள் ஊர் ஊராகச் சோதனை செய்து பார்த்தார்கள். பிழைகள் கூட்டம் கூட்டமாக வந்தன. நீண்ட நேரம் ஒன்றுமில்லை, திடீரென்று ஒரு கொத்து, மறுபடி மௌனம். சராசரி இதைச் சொல்லாது. பத்து லட்சம் பிட்டில் பத்துப் பிழை என்று வைத்துக்கொள்வோம். செய்தியை ஆயிரம் பிட் கொண்ட கட்டுகளாக அனுப்புகிறோம். பத்தும் சிதறிக் கிடந்தால் பத்துக் கட்டுகள் கெடும். ஒரே இடத்தில் விழுந்திருந்தால் ஒரு கட்டுதான் கெடும். விகிதம் இரண்டுக்கும் ஒன்றே. அதே ஆராய்ச்சிக்கூடத்தின் எட்கர் கில்பர்ட் 1960-ல் இதற்கு ஒரு எளிய மாதிரி செய்தார். கம்பிக்கு இரண்டு நிலைகள், நல்லது, கெட்டது. நல்ல நிலையில் பிழையே இல்லை. கெட்ட நிலையில் நாணயம் சுண்டுவது போல. ஒரு நிலையிலிருந்து மற்றதற்கு எப்போது தாவும் என்பதற்கும் ஒரு நிகழ்தகவு. நல்ல பொழுதும் கெட்ட பொழுதும் மாறி மாறி வரும் என்ற இந்தச் சித்திரம் நமக்கு அந்நியமாகப் படவேண்டியதில்லை.

1963-ல் ஐபிஎம்மில் இருந்த இருவர், ஜே பெர்கர் என்ற பொறியாளரும் பெனுவா மாண்டெல்ப்ராட்டும், இதைவிடத் தொந்தரவான ஒன்றைச் சொன்னார்கள். பின்னால் ஃப்ராக்டல் என்ற சொல்லை உருவாக்கிப் பெரும் புகழ் பெற்ற அதே மாண்டெல்ப்ராட்தான். கொத்தை எடுத்து உற்றுப் பார்த்தால் அது ஒரு கொத்து அல்ல, அதற்குள்ளும் மௌனங்களும் சிறு கொத்துகளும் இருக்கின்றன. சிறு கொத்துக்குள்ளும் அப்படியே. கெட்ட நேரத்துக்குள்ளே நல்ல நேரம், அதற்குள்ளே இன்னும் கெட்டது. ஒரு கோட்டை எடுத்து நடு மூன்றில் ஒரு பங்கை அழி, மிஞ்சிய இரண்டு துண்டிலும் அப்படியே அழி என்று போய்க்கொண்டிருந்தால் கடைசியில் எஞ்சும் தூசி இருக்கிறதே, கணித மாணவர்கள் காண்டர் கணம் என்று படிப்பது, பிழைகள் காலத்தில் அதுபோலக் கிடக்கின்றன. இதில் முக்கியமானது இரண்டு பிழைகளுக்கு நடுவேயுள்ள இடைவெளியின் கணக்கு. அவர்கள் பொருத்திய விதிப்படி அந்த இடைவெளியின் சராசரி முடிவிலி. இதன் விளைவு என்னவென்றால், ஒரு மணி நேரம் அளந்து ஒரு விகிதம் சொன்னால், பத்து மணி நேரம் அளக்கும்போது அது குறைந்திருக்கும். நூறு மணி நேரத்தில் இன்னும் குறையும். எவ்வளவு நேரம் பார்த்தாய் என்று கேட்காமல் விகிதத்துக்கு அர்த்தமே இல்லை.

கம்பியின் எங்கோ ஒரு மூலையில் திருப்புளியோடு ஒரு ஆள் உட்கார்ந்துகொண்டிருக்கிறான் என்று பொறியாளர்கள் பேசிக்கொண்டதாக ஒரு கதை உண்டு. ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு காரணஸ்தன் வேண்டும் அவர்களுக்கு. மாண்டெல்ப்ராட்டின் விசேஷம் காரணஸ்தனைத் தேடாமல் வடிவத்தைப் பார்த்தது. விமர்சனத்திலும் இந்த இரண்டு ஜாதிகள் உண்டு, எனக்கு எந்தப் பக்கம் அனுதாபம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பொறியாளர்கள் இதற்குச் செய்த பரிகாரம் வேடிக்கையானது. பிழைகள் கொத்தாக வருவதைத் தடுக்க முடியாது. ஆகவே செய்தியைக் கலைத்து அனுப்பினார்கள். அடுத்தடுத்த பிட்கள் கம்பியில் தூரத் தூரமாகப் போகும்படி மாற்றி அடுக்கி, சேர்ந்த இடத்தில் பழையபடி அடுக்கினால், வழியில் விழுந்த கொத்து உடைந்து உதிரிப் பிழைகளாகிவிடும். உதிரிப் பிழைகளை ஹாமிங் வழிவந்த குறியீடுகள் திருத்திவிடும். கொள்கை உலகத்துக்குப் பொருந்தவில்லை என்றால் உலகத்தைக் கலைத்துக் கொள்கைக்குப் பொருத்துவது! 1982-ல் கடைக்கு வந்த காம்பாக்ட் டிஸ்க் இதன் பிரபலமான உதாரணம். இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் இருவரும் 1960-ல் ஐந்து பக்கத்தில் எழுதிய ஒரு கட்டுரையின் குறியீட்டை இப்படிக் கலைத்து அடுக்கியதால், தட்டின் தடத்தில் இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குக் கீறல் விழுந்தாலும் சங்கீதம் கெடாது. நொடிக்கு 7,350 கட்டுகள், அதில் 220 வரை பிழையோடு வரலாம் என்பது தட்டுக்கு விதிக்கப்பட்ட தரம். நூற்றுக்கு மூன்று! அதையும் மீறிப்போனால் கருவி இந்தப் பக்கத்து ஸ்வரத்தையும் அந்தப் பக்கத்து ஸ்வரத்தையும் பார்த்து நடுவே ஒன்றை ஊகித்துப் போட்டுவிடும். கேட்கிறவனுக்குத் தெரியாது. பழுதே இல்லாத ஒலி என்று விற்கப்பட்ட பொருளுக்குள் இவ்வளவு பழுதும் ஊகமும் இருந்தன என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

சரி, எப்படி அளப்பது? பிழை என்று சொல்ல அனுப்பியது எது என்று தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அனுப்பியது எது என்று முன்பே தெரிந்திருந்தால் அனுப்புவதற்கு என்ன இருக்கிறது? ஷானனின் கணக்கில், எதிர்பார்த்தது அப்படியே வந்தால் அதில் தகவல் பூஜ்யம். ஆகவே ஒரு வழியின் பிழையை நேரடியாக அளப்பது அந்த வழியில் யாரும் எதுவும் சொல்லாதபோது மட்டுமே சாத்தியம். இதை நான் ஒரு சமத்காரமாகச் சொல்லவில்லை, அளக்கும் கருவியே அப்படித்தான் செய்யப்பட்டது. பதினைந்து அறைகள் கொண்ட ஒரு பதிவுக்கருவி. ஒவ்வொரு தாளத்துக்கும் பிட்கள் ஒரு அறை நகரும். கடைசி இரண்டு அறைகளை ஒப்பிட்டு, ஒன்றானால் 0, வேறானால் 1 என்று முதல் அறைக்குள் போடும். எல்லா அறையும் 0 ஆக இல்லாமல் தொடங்கினால் போதும், 32,767 பிட் நீளத்துக்குத் திரும்பச் சொல்லாத ஒரு வரிசை வரும், பிறகு மறுபடி முதலிலிருந்து. பார்ப்பதற்குத் தாறுமாறாக இருக்கும். உண்மையில் ஒவ்வொரு பிட்டும் விதிக்கப்பட்டது. இந்த வரிசைகளின் கணிதத்தைச் சாலமன் கோலம்ப் 1967-ல் புத்தகமாக எழுதினார். அந்த முனையிலும் இதே கருவி ஒன்று இருக்கும். இரண்டும் ஒரே அடியில் சேர்ந்துகொண்டதும் வருவதையும் தன்னுடையதையும் ஒப்பிட்டு வேறுபாட்டை எண்ண வேண்டியது. அர்த்தமில்லாத, ஆனால் இருவருக்கும் மனப்பாடமான ஒரு பேச்சு.

அடுத்தது பொறுமை. நூறு கோடி பிட்டில் ஒன்றுக்கு மேல் கெடாது என்று ஒருவன் சொன்னால் அதை எப்படிச் சோதிப்பது? நூறு கோடி பிட் அனுப்பி ஒன்றும் கெடவில்லை என்றால் போதாது, அதிர்ஷ்டமாக இருக்கலாம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நிச்சயம் வேண்டுமென்றால் சுமார் முந்நூறு கோடி பிட் பிழையில்லாமல் போகவேண்டும். நொடிக்கு 64,000 பிட் போகும் வழியில் இதற்குப் பதின்மூன்று மணி நேரம் ஆகும். லட்சம் கோடியில் ஒன்று என்ற தரத்தைச் சோதிக்க அதே வழியில் ஒன்றரை வருஷம். இதெல்லாம் பிழைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்று வைத்துக்கொண்டு. மாண்டெல்ப்ராட் உள்ளே வந்தால் இந்தக் கணக்கும் ஆடும்.

இங்கேதான் விலை திரும்பி வருகிறது. 1980-ல் ஜெனீவாவில் கூடிய சர்வதேச தந்தி டெலிபோன் ஆலோசனைக் குழு, டிஜிட்டல் டெலிபோன் இணைப்புகளின் பிழைக்கு ஒரு தரம் வகுத்தது. ஜி 821 என்று பெயர். 27,500 கிலோமீட்டர் நீளமுள்ள கற்பனை இணைப்பு ஒன்று, நொடிக்கு 64,000 பிட். சராசரி விகிதம் பொய் சொல்லும் என்று குழுவில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆகவே நொடிகளை எண்ணினார்கள். ஒரு பிழையாவது உள்ள நொடி, பிழை நொடி. ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் கெட்டால், அதாவது 64-க்கு மேல் பிழை வந்தால், கடும்பிழை நொடி. முதலாவது நூற்றுக்கு எட்டுக்குக் குறைவாகவும், இரண்டாவது ஆயிரத்துக்கு இரண்டுக்குக் குறைவாகவும் இருக்கவேண்டும். கொத்து கொத்தாக வருவதை ஒப்புக்கொண்ட, மரியாதையான அளவு இது.

ஆனால் ஒரு விதி இருக்கிறது. தொடர்ந்து பத்துக் கடும்பிழை நொடிகள் வந்தால் இணைப்பு 'கிடைக்காத நிலை'க்குப் போய்விட்டதாகக் கொள்ளவேண்டும். அந்தப் பத்து நொடிகளும் அதில் சேர்த்தி. தொடர்ந்து பத்து நொடி கடும்பிழை இல்லாமல் வரும்வரை கிடைக்காத நிலை நீடிக்கும். கிடைக்காத நிலையில் பிழைகள் எண்ணப்படமாட்டா. ஒன்பது நொடி மோசமாக இருந்தால் அது பிழைக் கணக்கில் ஏறும். பத்து நொடி மோசமாக இருந்தால் ஏறாது! அதற்கு வேறொரு கணக்குப் புத்தகம். இதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. அறுந்துபோன கம்பியின் பிழை விகிதம் என்ன என்று கேட்பது அர்த்தமற்றது, செத்தவனுக்கு ஜுரம் எத்தனை டிகிரி என்பது போல. ஆனாலும் பத்து என்ற எண் இயற்கையில் எங்கும் எழுதியிருக்கவில்லை. விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒத்துக்கொண்டது அது. வெஸ்டர்ன் யூனியன் படிவத்தின் பின்பக்கம் இப்போது அட்டவணையாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

தூரம் கடந்து போவது ஒன்று. காலத்தைக் கடந்து போவது இன்னொன்று. நேற்று எழுதி வைத்ததை இன்று எடுப்பதும் அனுப்புதல்தான், சேருகிற முனை நாளைக்கு இருக்கிறது. சேமிப்பின் பிழை வெகுநாள் கருவியின் பழுதாகவே பார்க்கப்பட்டது. 1978-ல் இன்டெல் கம்பெனியின் டிமோதி மே, மர்ரே வுட்ஸ் இருவரும், நினைவகச் சில்லுகளில் எந்தப் பழுதும் இல்லாமலே பிட்கள் புரளுவதற்குக் காரணத்தைக் கண்டார்கள். சில்லைப் பொதிந்திருந்த பீங்கானில் துளியளவு யுரேனியமும் தோரியமும் இருந்தன. அவற்றிலிருந்து புறப்படும் ஆல்ஃபா துகள் ஒன்று சில்லின் ஒரு அறையில் புகுந்தால் ஒன்று பூஜ்யமாகிவிடும். சில்லுக்குச் சேதம் எதுவும் இல்லை, மறுபடி எழுதினால் சரியாக எழுதும். அடுத்த வருஷமே ஐபிஎம்மின் ஜேம்ஸ் ஸீக்லரும் யேல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் லான்ஃபோர்டும் வானிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் இதைச் செய்யும் என்று கணக்கிட்டார்கள். பிறகு ஐபிஎம் ஆட்கள் சில்லுகளைத் தூக்கிக்கொண்டு கொலராடோவில் 3,000 மீட்டருக்கு மேல் உயரத்திலுள்ள லெட்வில் ஊருக்குப் போனார்கள். பிழை கூடியது. பூமிக்கடியில் பாறைக்குக் கீழே வைத்தார்கள். அநேகமாக நின்றுவிட்டது. நட்சத்திரங்களின் சாவு நம் கணக்குப் புத்தகத்தில் ஒரு எண்ணை மாற்றுகிறது என்பதில் கவிஞர்களுக்கு வேண்டிய படிமம் இருக்கிறது. எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 2009-ல் கூகிள் தன் இயந்திரக் கூட்டத்தை இரண்டரை வருஷம் கவனித்து வெளியிட்ட ஆய்வு படிமத்தைக் கொஞ்சம் கெடுக்கிறது. வருஷத்துக்கு மூன்றில் ஒரு பங்கு இயந்திரங்கள் நினைவகப் பிழையை ஒருமுறையாவது சந்தித்தன. பிழை வந்த சில்லுக்கே மறுபடி பிழை வந்தது. கண்ட இடத்தில் விழும் வானத்துக் கதிர் இப்படி ஆள் பார்த்து விழாது. பெரும்பகுதி வயதாலும் தேய்மானத்தாலும் வந்த சொந்தப் பழுது. இங்கும் கொத்து.

இதுவரை சொன்னதெல்லாம் எண்ணப்பட்ட பிழைகள். எண்ணப்படாததை என்ன செய்வது? கணிதமேதை ஜார்ஜ் போல்யா, தொண்ணூறு வயதை ஒட்டி, 1976-ல் இதற்கு ஒரு அழகான சிறு குறிப்பு எழுதினார். உதாரணம் புரூஃப் திருத்துவது, ஆகவே நமக்கு நெருக்கமானது. ஒரே பக்கங்களை இரண்டு பேர் தனித்தனியே திருத்துகிறார்கள். முதல்வர் கண்டது 30 பிழை, இரண்டாமவர் கண்டது 24, இருவரும் கண்டது 20. இரண்டாமவர் பிடித்த 24-ல் 20-ஐ முதல்வர் பிடித்திருக்கிறார். ஆகவே முதல்வரின் கண் ஆறில் ஐந்தைப் பிடிக்கும் கண். அவருடைய 30, மொத்தத்தில் ஆறில் ஐந்து. மொத்தம் 36. இருவருமாகக் கண்டது 34. யாரும் காணாதது 2. காணாததை எண்ணியாயிற்று.

நானும் ஒரு நண்பரும் ஒரு பழைய சிற்றிதழை எடுத்துவைத்துக்கொண்டு இதைச் செய்துபார்த்தோம். கணக்கு நான்கு பிழை மிச்சம் என்றது. மூன்றாவதாக ஒருவரிடம் கொடுத்தோம், அவர் பதினொன்று கண்டுபிடித்தார். போல்யா தவறவில்லை. இருவர் கண்களும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்பது அவருடைய நிபந்தனை. நாங்கள் இருவரும் ஒரே புத்தகங்களைப் படித்து ஒரே ஆட்களைத் திட்டி வளர்ந்தவர்கள். ஒரே இடத்தில் குருடாகிறோம். மூன்றாமவர் ஒரு தமிழாசிரியர், எங்கள் இதழ்களைப் படிக்காதவர்.

இதே கதை பெரிய அளவில் 2000-ல் வெளிவந்தது. ஜோனதன் ஸ்டோன், க்ரெய்க் பார்ட்ரிஜ் இருவரும் இணையத்தில் போகும் கட்டுகளை ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு கம்பியிலும் ஒரு பலமான சோதனை உண்டு. கம்பியில் ஏறும்போது கணக்கிட்டு ஒட்டிய எண்ணை இறங்கும்போது சரிபார்ப்பார்கள். நானூறு கோடிப் பிழையில் ஒன்றுதான் இதற்குத் தப்பும் என்பது கணக்கு. இது தவிர, கட்டு புறப்பட்ட இடத்தில் ஒட்டிய இன்னொரு பலவீனமான சோதனை எண்ணும் கட்டோடு கடைசிவரை வரும். பலமான சோதனையில் தேறிய பிறகும், 1,100 கட்டுக்கு ஒன்று முதல் 32,000 கட்டுக்கு ஒன்று வரை இந்தப் பலவீனமான சோதனையில் தோற்றன. எப்படி? கம்பிகள் சரியாகவே இருந்தன. பிழைகள் நடந்தது கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே: இறக்கிவைத்து ஏற்றிவிடும் இயந்திரங்களின் நினைவகத்தில், அவற்றின் மென்பொருளில், புறப்பட்ட இயந்திரத்துக்குள்ளேயே. இறங்கும்போது சரிபார்த்தாயிற்று, மறுபடி ஏறும்போது புதுச் சோதனை எண் போட்டாயிற்று. நடுவில் கெட்டது கெட்டபடியே புது முத்திரை பெற்றுப் போயிற்று. அளவு எல்லாம் அளவெடுத்த இடங்களில் இருந்தது. இரண்டு சோதனைக்கும் தப்பி எவ்வளவு போகும் என்று அவர்கள் ஊகித்த எல்லையைப் பாருங்கள்: 1.6 கோடிக் கட்டுகளுக்கு ஒன்று முதல் ஆயிரம் கோடிக் கட்டுகளுக்கு ஒன்று வரை. அறுநூறு மடங்கு அகலமான ஊகம். காணாததைப் பற்றி யோக்கியமாகப் பேசினால் இப்படித்தான் அகலமாக இருக்கும்.

2003 மே 18-ல் பெல்ஜியம் நாட்டில் தேர்தல். தலைநகர் ப்ரஸ்ஸல்ஸை ஒட்டிய ஸ்கார்பேக்கில் இயந்திரத்தில் ஓட்டுப் போட்டார்கள். எண்ணிக்கையில் ஒரு வேட்பாளருக்கு விழுந்த ஓட்டு, விழுந்திருக்கச் சாத்தியமானதைவிட அதிகமாக இருந்தது. அதனால்தான் சந்தேகம் வந்தது. ஓட்டு பதிந்த காந்த அட்டைகள் இருந்தன, மறுபடி எண்ணினார்கள். வித்தியாசம் 4,096. இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வரும் எண், அதாவது பதின்மூன்றாவது இடத்தில் இருந்த ஒரே ஒரு பிட் பூஜ்யத்திலிருந்து ஒன்றாயிருக்கிறது. மென்பொருளை வரி வரியாகப் பார்த்தார்கள், இயந்திரத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப்பார்த்தார்கள். மறுபடி அது நிகழவில்லை. ஒரு பிட் தானாகவே புரண்டிருக்க வேண்டும் என்று நிபுணர்கள் எழுதினார்கள். காஸ்மிக் கதிர் என்று பத்திரிகைகள் பிறகு சொன்னதற்கு யாரிடமும் அத்தாட்சி கிடையாது. அதே பிட்டுக்குப் பத்து இடம் தள்ளி, மூன்றாவது இடத்தில் இருந்த பிட் புரண்டிருந்தால் வித்தியாசம் 4 ஓட்டு. அட்டைகளை யாரும் மறுபடி எண்ணியிருக்கமாட்டார்கள்.